மலைத் தூண்டில்

இடமாற்றக் கடிதம் திங்கட்கிழமை வந்தது.
நுவரெலியா, நில அளவைக் கிளை, இரண்டு வருடம்.
புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுக்
காத்தான்குடிக்குப் போனேன்.
ஸ்வெட்டர் வாங்க அல்ல.

ஜௌஸியின் கடையில்
எல்லாம் இந்த ஊர்த் தண்ணீருக்கே நின்றன:
வாவிக் கொடுவாவுக்குத் தடித்தது,
குளத்து விராலுக்குக் கட்டையானது,
அலைக்கு அப்பால் எறிய, கூரை முட்டும் ஒன்று.

"ட்ரவுட் பிடிக்க" என்றேன்.
"அது என்ன மீன், மிஸ்?"
நானும் கண்டதில்லை.
குளிர்ந்த ஓடையில் இருக்குமாம்,
உடம்பெல்லாம் புள்ளியாம்,
தண்ணீரில் விழும் பூச்சியைத் தின்னுமாம்.
"பூச்சி திங்கிற மீனுக்கு
இவ்வளவு மினக்கெடோணுமா?"
சிரித்தவன் சட்டென்று நிறுத்தி
ஏணியை இழுத்துப் போட்டு ஏறினான்.

சீலைப் பைக்குள் நான்கு துண்டு.
சுனாமிக்குப் பிறகு
உப்பேறிய கிணறுகளை இறைக்க வந்த வெள்ளைக்காரர்
போகும்போது வாப்பாவிடம் விட்டுப்போனதாம்.
"ஒரு நாளும் அந்த மனுசன் மீன் புடிக்கல்ல, மிஸ்.
கிணத்துத் தண்ணிய நாக்குல வெச்சிப் பாப்பாராம்.
இன்னும் உப்பு எண்டு சொல்லிப்போட்டு
அடுத்த கிணத்துக்குப் போவாராம்."

துண்டுகளைப் பொருத்தினேன்.
ஒவ்வொரு மூட்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளி,
புள்ளிகள் நேர்கோட்டில் நிற்க வேண்டும்.
நேர்கோடு என் சம்பளம்.
எட்டரை அடி. பக்கத்தில் ஐந்து என்று ஓர் எண்.
"அது என்ன அஞ்சு?"
இரவு முழுக்க ஃபோனில் படித்திருந்தேன்:
நூலின் எடை.

புது றீல் ஒன்றைக் கொண்டுவந்தான்,
பளபளவென்று, கொடுவாவை நிறுத்தக்கூடியது.
மாட்டியதும் தூண்டில்
அடிப்பக்கம் தொங்கிப்போயிற்று.
பழையதை மாட்டினேன்.
திருகாணிகளில் வெள்ளைப் பூஞ்சணம்போல உப்பு.
கைப்பிடிக்குச் சற்று மேலே
ஒற்றை விரலில் வைத்தேன்.
நின்றது.
சுற்றும் பிடி வலப்பக்கம்.
அப்படியென்றால் அவரும்
என்னைப்போல இடக்கையரோ?

பரிசோதிக்காமல் காசு தரமாட்டேன் என்றேன்.
மோட்டார் சைக்கிளின் பின்னால்
தூண்டிலை ஈட்டிபோலப் பிடித்துக்கொண்டு
கல்லடிப் பழைய பாலத்துக்கு.

ஈயம் இல்லை, இரை இல்லை,
நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு முடிச்சு.
இங்கே எல்லோரும் பாரத்தை எறிவார்கள்,
நூல் பின்னால் ஓடும்.
இதிலோ எறிவது நூலையேதான்.
முதல் வீச்சு என் காலடியில் குவிந்தது.
இரண்டாவதைக் கச்சான் காற்று பறித்துப்
போன ஒருவரின் ஹெல்மெட்டில் சுற்றியது.
"மன்னிச்சுக்கொள்ளுங்க."
"என்ன படுது?"
"ஒண்டும் இல்ல. ஊசி கட்டல்ல."
அவர் என்னைப் பார்த்த பார்வையை
நுவரெலியாவுக்கும் கொண்டுபோவேன்.

பின்னால் போன நூல் நீண்டு முடியும்வரை
நிற்க வேண்டியிருந்தது.
அரை மூச்சுதான்.
அதற்குள் கை பதறிற்று,
பதினெட்டு வருடம் காணிச் சண்டைகளுக்கு நடுவே
பதறாமல் சங்கிலி பிடித்த கை.
எத்தனையாவது வீச்சோ தெரியாது,
காற்று ஒரு கணம் ஓய்ந்தபோது
நூல் தன்னைத்தானே விரித்துக்கொண்டு போய்
வாவியில் படுத்தது,
சத்தமே இல்லாமல்.
கீழே தோணியில் வீச்சுவலையோடு நின்றவர்
தன் வலையை எறியாமல்
கொஞ்சநேரம் பார்த்தார்.

ஜௌஸி துண்டு எழுதினான்:
செல்வி ம. பிரபாலினி.
தூண்டில் 1 (மலை). றீல் 1 (பழசு).
திருப்பி எடுக்கப்படமாட்டாது.

வரைபடம் கொண்டுபோகும் குழாய்க்குள்
நான்கு துண்டும் சரியாக அடங்கின.
றீலைக் கழற்றி
வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து ஊறப்போட்டேன்.
விடிந்ததும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன்.
இன்னும் உப்பு.
தண்ணீரை மாற்றினேன்.